மூன்று கட்டங்களுக்குள் அடங்காத பெண்கள்

"என்ர பொம்பிளையள் எங்க?"

என்னைக் கண்டதும் அப்லா கேட்டது இதுதான். போன்ஜூர் இல்லை, சுகமா என்ற கேள்வி இல்லை. ஒரு கையில் கத்தரி, மறு கையில் போன். முன்னால் மேசை முழுக்க மஞ்சள் துணி விரிந்து கிடந்தது, வெட்டத் தயாராக.

எந்தப் பொம்பிளையள் என்று நானும் அப்பாவியாகத்தான் கேட்டேன். மூன்று வாரத்துக்கு முன் நானே என் கட்டைவிரலால் அழித்துவிட்ட பெண்கள் அவர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அப்லா பேசுவது பிரெஞ்சு. கோபமான பிரெஞ்சு எனக்கு எப்போதும் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் காதில் விழும். அதனால் காதில் விழுந்தபடியே எழுதுகிறேன்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். அப்லா மேற்கு ஆப்பிரிக்காவில் தோகோ நாட்டுக்காரி. கனடாவில், பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தின் கார்ட்டியர்வில் பகுதியில், ஒரு டெபனேருக்கும் — பாலும் பாணும் பியரும் விற்கும் மூலைக்கடை — ஒரு சலவைக் கடைக்கும் நடுவில் அவளுடைய தையல் கடை. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, ஒரு ஆளுயரக் கண்ணாடி. பதினொரு வருடமாக அங்கே இருக்கிறாள். என்னைவிட இரண்டு வயது இளையவளாக இருக்கலாம். கேட்டால் அடிப்பாள்.

எனக்கும் தோகோவுக்கும் என்ன சம்பந்தம்? நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும். கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று கூட்டிப்போன ஏஜென்ட் என்னை அந்த நாட்டின் லோமே நகரத்தில் இறக்கிவிட்டுக் காணாமல் போனான். பத்தொன்பது மாதம். ஒரு அறையில் பதினொரு பேர், முறை வைத்துப் படுத்தோம். காய்ச்சல் வந்தவனுக்கு மட்டும் முறை கிடையாது, அவன் பகலிலும் படுக்கலாம். சந்தைக்குப் பக்கத்தில் போன் திருத்துகிற ஒருவனின் மேசையில் போய் உட்கார்ந்து, விழுந்த திருகாணி பொறுக்கிக் கொடுத்து, பிறகு நானே திருத்தப் பழகி, சாப்பாட்டுக்கு வழி பண்ணிக்கொண்டேன். ஞாயிறு பிறந்தவன் என்பதால் எனக்கு அங்கே 'கோசி' என்று பெயர். அந்த ஊரில் பிறந்த கிழமைதான் பெயர்.

இங்கே வந்து டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றினேன். சபனெல் தெருவில் உடுப்புத் தொழிற்சாலையில் நூல் வெட்டினேன். இப்போது பார்சல் வேன் ஓட்டுகிறேன். அப்படி ஒரு பார்சலைக் கொடுக்கப் போனபோதுதான் அப்லாவைத் தெரியும். கையெழுத்து வாங்கிவிட்டு அவளுடைய பாஷையில் 'அக்பே' என்றேன். நன்றி என்று அர்த்தம். என்னை மேலும் கீழும் பார்த்தாள். அன்றிலிருந்து எனக்கு அந்தக் கடையில் ஒரு ஸ்டூல் இருக்கிறது.

சரி. இனித்தான் விஷயம்.

இந்த நகரத்தில் ஒரு அமைப்பு இருக்கிறது. பெயர் வேண்டாம். ஆப்பிரிக்கர்கள் நடத்தும் சின்னச் சின்ன வியாபாரங்களுக்குப் புதிய தொழில்நுட்பம் பழக்கிக் கொடுப்பது அதன் வேலை. தலைமுடி பின்னும் கடை, மரவள்ளி மாவு விற்கும் கடை, தையல் கடை... இவர்களுக்கெல்லாம் ஆப் போட்டுக் கொடுத்து, பழக்கி, முன்னேற்றுவார்களாம். அதற்குத் தொண்டர்கள் தேவை என்று அறிவித்தார்கள். போய்ப் பெயர் கொடுத்தேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனை உடனே எடுத்துக்கொண்டார்கள். ஏன்? எனக்குப் போன் திருத்தத் தெரியும், ஆப்பிரிக்கா தெரியும். என்னுடைய விவரத்தில் அப்படித்தான் எழுதினார்கள்: 'ஆப்பிரிக்க அனுபவம் உள்ளவர்.' எனக்குத் தெரிந்தது ஒரு நகரத்தில் ஒன்றரைத் தெரு. யாழ்ப்பாண பஸ் ஸ்டாண்டில் இரண்டு வருடம் தேத்தண்ணீர் குடித்தவனை 'ஆசிய அனுபவம் உள்ளவர்' என்றால் எப்படி இருக்கும்?

ஆனால் நான் மறுக்கவில்லை. கழுத்தில் ஒரு அட்டை மாட்டினார்கள். 'டிஜிட்டல் வழிகாட்டி.' வாழ்க்கையில் என் கழுத்தில் தொங்கிய அட்டைகளில் 'துப்புரவு' என்றும் 'பொதிப் பகுதி' என்றும்தான் இருந்திருக்கிறது. பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் அது பொய்க்கதை.

முதல் வகுப்பு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. கடைக்காரர்கள் கடை திறக்கிற நேரம் அது என்று யாருக்கும் தோன்றவில்லை. பெரிய திரையில் முதல் படமாக ஒரு ஒட்டகச்சிவிங்கி வந்தது. லோமேயில் பத்தொன்பது மாதம் இருந்திருக்கிறேன், ஆட்டைக் கண்டிருக்கிறேன், மோட்டார் சைக்கிளில் ஆறு பேர் போவதைக் கண்டிருக்கிறேன். ஒட்டகச்சிவிங்கியைக் கண்டதில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த முடி பின்னும் பெண் திரையைப் பார்த்து, அது யாருடைய வாடிக்கையாளர் என்று மெல்லக் கேட்டாள்.

தொண்டர்களுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். கடைக்குப் போனால் செய்ய வேண்டியவை வரிசையாக இருந்தன. கடையில் இப்போது என்ன தொழில்நுட்பம் இருக்கிறது என்று குறிக்க வேண்டும். போனில் இடம் இல்லாவிட்டால் சுத்தம் செய்ய வேண்டும். ஆப்பை ஏற்ற வேண்டும். பழக்க வேண்டும். கடைசியாக உரிமையாளரைச் சிரிக்க வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும்.

கம்ப்யூட்டர், இணையத்தளம், மின்னஞ்சல், ஆன்லைன் பதிவு... இவற்றில் எது இருக்கிறது? அப்லாவிடம் எதுவும் இல்லை. 'ஒன்றும் இல்லை' என்ற கட்டத்தில் சரி போட்டேன்.

நான் போன நேரம் அவள் ஒரு பெண்ணுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். போனை என் கையில் தந்துவிட்டு வேலையில் மூழ்கிவிட்டாள். நம்பித் தந்தாள். போன் நிரம்பி வழிந்தது. ஆப் ஏற இடமில்லை. எது இவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்று தேடினேன். வாட்ஸ்அப்பில் ஒரு நீண்ட உரையாடல். எதிர்ப்பக்கத்தில் ஆளே இல்லை. அவள் தனக்குத் தானே அனுப்பிய ஒலிச்செய்திகள். நூற்றுக்கணக்கில். ஒன்றைக் கேட்டுப் பார்த்தேன். ஏதோ முணுமுணுப்பு, நடுவில் ஒரு சிரிப்பு, பின்னணியில் மெஷின் சத்தம். அவளுடைய பாஷையில் எனக்குத் தெரிந்தது தண்ணீர், பாண், நன்றி, பொலிஸ் — இவ்வளவுதான்.

என் மனைவியின் போனும் இப்படித்தான். கைப்பைக்குள் கிடந்தபடி தானாகவே எதையாவது பதிந்து வைக்கும். தனக்குத் தானே யாராவது செய்தி அனுப்புவார்களா? தவறிப்போய் விழுந்தவை என்று முடிவு செய்தேன். எல்லாவற்றையும் தெரிவு செய்தேன். அழித்தேன்.

ஆப் ஜம்மென்று ஏறியது.

அந்த ஒலிச்செய்திகள் என்ன என்று இப்போது சொல்கிறேன். மூன்று வாரம் கழித்து அப்லா சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டது.

அளவு எடுக்கும்போது தையல்காரிக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். ஒரு கை நாடாவின் தலையைப் பிடிக்க, மற்றது வாலைப் பிடிக்க. வாய்தான் சும்மா இருக்கும். எனவே அவள் பேசுவாள். தோள் இவ்வளவு, கை இவ்வளவு, முதுகு இவ்வளவு... மேசையில் கிடக்கும் போன் பதிந்துகொள்ளும். பிறகு துணி வெட்டும்போது அதையே போட்டுக் கேட்பாள். அப்போதும் இரண்டு கையும் கத்தரியிலும் துணியிலும் இருக்கும், காது சும்மா இருக்கும். தாளைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டாம், கத்தரியை வைக்க வேண்டாம்.

எழுதத் தெரியாமல் பேசுகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் என்னைவிட நாலு வகுப்புக் கூடப் படித்தவள்.

அளவு மட்டும் இல்லை. இவளுக்கு வலது தோள் தாழ்வு. இவள் கல்யாண வீட்டில் கையைத் தூக்கி ஆடுவாள், அக்குளில் இரண்டு விரல் கூட விடு. இவள் மெலியப் போகிறேன் என்பாள், நம்பாதே. இப்படி ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு செய்தி. ஒட்டாவாவில், கியூபெக் நகரத்தில், டொரன்டோவில் இருப்பவர்கள்கூட ஒரே ஒரு தடவை வந்து அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு துணியை மட்டும் அனுப்பினால் போதும், சட்டை — கவுனை நாங்கள் அப்படித்தான் சொல்வோம் — தபாலில் போகும். அச்சாகப் பொருந்தும். 'ஒருமுறை அளந்தால் அப்லா மறக்கமாட்டாள்' என்பதுதான் அவளுடைய விளம்பரம். வேறு விளம்பரம் கிடையாது.

அந்தப் பதினொரு வருடத்தைத்தான் நான் துடைத்துவிட்டேன்.

அதுவும் எந்த நேரத்தில்? அவளுடைய அக்காவின் மகளுக்கு ஜூன் மாதம் கல்யாணம். அவர்களுடைய வழக்கத்தில் மணமகள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே துணியில் உடுத்த வேண்டும். அதற்கென்றே லோமேயிலிருந்து ஒரு உறவினரின் பெட்டியில் மஞ்சள் துணி வந்து சேர்ந்திருந்தது. அப்லாவோடு சேர்த்து இருபத்தாறு பெண்கள், இருபத்தாறு சட்டை. நாலு வாரம். அதுவரை மூன்று வாரமும் பழைய உடுப்புத் திருத்தும் வேலைதான், பழைய செய்தி எதுவும் தேவைப்படவில்லை. துணியை விரித்துவிட்டு, முதல் பெண்ணின் அளவைக் கேட்கப் போனைத் தட்டியிருக்கிறாள். அங்கே யாரும் இல்லை.

நான் செய்ததைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தரியை மேசையில் வைத்தாள்.

"நான் இங்கதானே நிண்டனான்," என்றாள். "அஞ்சடி தூரத்தில. நீ ஏன் என்னட்ட ஒரு வார்த்தை கேக்கேல்லை?"



அன்றே நித்யாவுக்குப் போன் பண்ணினேன். நித்யா கோயம்புத்தூர்ப் பெண், ரொக்ஸ்பரோவில் வாடகை வீடு, ஏதோ ஐடி கம்பெனியில் வேலை. அந்த ஆப்பை அமைப்புக்காக இலவசமாக எழுதிக் கொடுத்தவள் அவள்தான். அழிந்ததை மீட்க ஏதாவது வழி இருக்குமென்று நம்பிக் கூட்டிப்போனேன். ஒரு மணி நேரம் போனோடு மல்லாடினாள்.

"இல்லண்ணா. பேக்கப் ஆன் பண்ணவே இல்ல. போச்சு."

பிறகு மேசையில் இருந்த நாடாவை எடுத்து விரலில் சுற்றியபடி, ஒரு சட்டைக்கு எத்தனை அளவு எடுப்பார்கள் என்று கேட்டாள். அப்லா பத்தொன்பது என்றாள். நித்யா எழுதிய ஆப்பில் அளவுக்கு மூன்று கட்டம்தான். மார்பு, இடை, இடுப்பு. முடிந்தது.

"எனக்கு அவங்க குடுத்த லிஸ்ட்ல மூணுதாண்ணா இருந்துச்சு," என்றாள் என்னிடம் தமிழில். நாடாவை விரலிலிருந்து கழற்றினாள். "எங்கம்மா ஒரு ஜாக்கெட்டுக்கே பதினோரு அளவு குடுப்பாங்க. கூடவே நின்னு பாத்திருக்கேன். எனக்கு ஏன் தோணவே இல்ல?"

ஏன் தோன்றவில்லை? நான் யோசித்தேன். அம்மாவுடைய தையல்காரரிடம் இருப்பது அறிவு என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அது 'வேலை.' அறிவு என்பது திரையில் வருவது. நானும் லோமேச் சந்தையில் கண்ணால் கண்டிருக்கிறேன், பெண்கள் போனில் பேசியே வியாபாரத்தை முடிப்பதை. எழுத்து ஒன்றுகூட இல்லாமல், ஒரு துறைமுகத்துச் சரக்கையே குரலில் வாங்கி விற்றவர்கள் அவர்கள். அதையெல்லாம் பார்த்துவிட்டு வந்த நான், 'ஒன்றும் இல்லை' என்ற கட்டத்தில் சரி போட்டிருக்கிறேன்.

அடுத்த நாள் நானும் நித்யாவும் அமைப்பின் ஆபீசுக்குப் போனோம். ஒருங்கிணைப்பாளர் நல்ல பெண்மணி. உண்மையாகவே நல்லவர், மூலிகைத் தேநீர் எல்லாம் போட்டுத் தந்தார். நடந்ததைக் கேட்டு முகம் வாடினார். பிறகு, இது எல்லோருக்கும் ஒரு கற்றல் அனுபவம் என்றார்.

யாருக்கு? என் கோபம் அங்கேதான் கொதிக்கத் தொடங்கியது. பதினொரு வருடம் போனது அவளுக்கு. கற்றல் எங்களுக்கா? இன்னொருத்தியின் கடையை உடைத்துக் கற்கிறதுக்கு நாங்கள் என்ன சின்னப் பிள்ளைகளா?

அவர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். தரவு இழப்புக்கு அமைப்பு பொறுப்பில்லை என்று அப்லா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதை வாங்கியவன் நான்தான். நாலு பக்கத்தில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது அது. நானும் வாசிக்கவில்லை, அவளும் வாசிக்கவில்லை. பிறகு, ஈடாக அப்லாவுக்கு இன்னொரு வகுப்பு இலவசமாகத் தரலாம் என்றார்.

என்ன வகுப்பு தெரியுமா? தரவுகளைப் பாதுகாப்பாகச் சேமித்து வைப்பது எப்படி என்று.

நித்யா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் எழும்பிவிடுவேன் என்று பயந்திருப்பாள்.

எழும்பவில்லை. அப்லாவுக்கு இப்போது தேவை வகுப்பு இல்லை, வேலை செய்யக் கை என்றேன். திரும்ப அளவு எடுப்பதில் நாள் போகும், மிச்ச நாளில் இருபத்தாறு சட்டை தைக்க வேண்டும். ஓரம் மடிக்க, பொத்தான் வைக்க இரண்டு வாரத்துக்கு ஒரு தையல் தெரிந்த ஆளை அமைப்பு சம்பளம் கொடுத்து அனுப்ப முடியுமா? அவர் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தார். பயிற்சிக்கு ஒதுக்கீடு இருக்கிறது, மென்பொருளுக்கு இருக்கிறது, படம் எடுக்கிறவருக்கு இருக்கிறது. தைக்கிறதுக்கு இல்லை.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருடம் எங்களுக்கும் உதவி வந்தது. என் மச்சான் முடி வெட்டுகிறவர். கடையோடு நாற்காலியும் கண்ணாடியும் போய்விட்டன. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, இரண்டு கத்தரி என்று எழுதிக் கொடுத்தார். வந்தது ஒரு படகு. வாழ்நாளில் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காத மனிதர். படகோடு நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே... அதைப் பார்த்து அன்று நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பல வருடம் கழித்து நானே அந்தப் படகைத் தூக்கிக்கொண்டு கார்ட்டியர்வில்லுக்குப் போவேன் என்று அப்போது தெரியாது.

கடைக்குத் திரும்பி வந்தபோது நித்யா ஒரு யோசனை சொன்னாள். அவர்கள் ஊரில் அளவு ஜாக்கெட் என்று ஒன்று உண்டு. நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட்டைத் தையல்காரரிடம் கொடுத்துவிடுவார்கள், அவர் அதை வைத்துப் புதியதை வெட்டுவார். பதினொரு வருடமாக இந்தப் பெண்கள் அப்லாவின் சட்டையைத்தானே போடுகிறார்கள்? ஆளுக்கொரு சட்டையைத் திருப்பி அனுப்பச் சொன்னால் என்ன?

நான் மொழிபெயர்த்தேன். அப்லாவின் முகம் இறுகிவிட்டது. அவளுக்குத் தெரியாத வித்தையா இது? தெரியும். ஆளைத் தெரியாத தையல்காரிதான் பழைய சட்டை கேட்பாள் என்றாள். தன் அக்காவிடம் போய், உன்னுடைய தோள் எனக்கு மறந்துபோச்சு, சட்டையைக் கொண்டு வா என்று எப்படிக் கேட்பது? ஒரு தடவை கேட்டால் போதும், அடுத்த கல்யாணத்துக்கு அவர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

வேனை எடுத்துக்கொண்டு பார்சல் கொடுக்கப் போய்விட்டேன்.

இரண்டு நாள் அவள் நினைவில் இருந்தே வெட்டப் பார்த்திருக்கிறாள். மூன்று சட்டை வெட்டியதில் ஒன்று பிழையாகிப்போனது. துணியோ அளந்து வந்த துணி, மிச்சம் அதிகம் இல்லை. அன்று மத்தியானம் அவள் உறவுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரு ஒலிச்செய்தி அனுப்பினாள். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். உள்ளதைச் சொன்னேன் என்றாள்: போனைத் திருத்துகிறேன் என்று ஒரு முட்டாள் வந்தான், உங்களையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டான், பொருந்துகிற சட்டையை அனுப்புங்கள்.

முட்டாள் யார் என்று இப்போது மூன்று நகரங்களுக்குத் தெரியும்.

சட்டைகள் வரத் தொடங்கின. பையில், சூட்கேசில், ஒட்டாவா பஸ்ஸில் வந்த யாரோ ஒருவரின் மடியில். ஒரு வாரத்தில் கடைக்குள் நடக்க இடமில்லை. சிவப்பு, பச்சை, மரூன்... பதினொரு வருடக் கல்யாணங்களும் சாவீடுகளும் அந்தச் சின்ன இடத்தில் குவிந்துவிட்டன. அப்லா ஒவ்வொன்றாகத் திருப்பித் தையலைப் பார்ப்பாள். இங்கே பிரித்துத் தைத்திருக்கு, இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு. இங்கே பிடித்திருக்கு, ஆபரேஷன் முடிந்த வருடம். பிறகு அளப்பாள். அளந்தபடி பேசுவாள். போன் மேசையில் கிடக்கும். தோள் தாழ்ந்தவள், ஆடுகிறவள், மெலியாதவள் — நினைவு வந்ததையெல்லாம் சொல்வாள். நினைவு வராதபோது சட்டையை முகத்துக்கு நேரே பிடித்து அப்படியே நிற்பாள்.

அவள் போடச் சொன்ன பேக்கப்பை நித்யா மூன்று இடத்தில் போட்டுக் கொடுத்தாள். அப்லாவின் போனிலிருந்து அந்த ஆப்பை அழித்துவிட்டாள். தான் எழுதியதைத் தானே அழித்தாள். கேட்டுவிட்டுத்தான் அழித்தாள்.

இதிலேயே பத்து நாள் போய்விட்டது. மிச்ச நாட்களில் நாங்கள் மூவரும் வேலை செய்தோம். என் வேன் வேலை மூன்று மணிக்கு முடியும், நேரே அங்கே போய்விடுவேன். சபனெல் தெருவில் பதினாலு மாதம் நூல் வெட்டியவன் அல்லவா? பிசிறு வெட்டுவேன், தையல் பிரிப்பேன், இஸ்திரி போடுவேன். நித்யா பொத்தான் வைத்தாள். முதல் நாள் அவள் வைத்த பொத்தான்களை எல்லாம் அப்லா பிடுங்கச் சொன்னாள். பிடுங்கியவனும் நான்தான். இவள் கம்ப்யூட்டரிலும் இப்படித்தான் எழுதுவாளா என்று அப்லா என்னிடம் கேட்டாள். நித்யாவுக்கு இதற்குள் பிரெஞ்சு கொஞ்சம் புரியத் தொடங்கியிருந்தது.

"அண்ணா, ட்ரான்ஸ்லேட் பண்ணாதீங்க. புரிஞ்சிடுச்சு."

மற்றவர்கள் பெரிய சொற்களில் 'திறன் மேம்பாடு' என்று சொல்வது இதைத்தானோ என்னவோ. எங்களுடைய திறன்தான் மேம்பட்டது. அப்லாவுடையது ஏற்கெனவே அங்கே இருந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு இருபத்தைந்து சட்டைகள் தொங்கின. இருபத்தாறாவது துணி மேசையில் மடித்தபடி இருந்தது. அது அவளுடையது. இப்போது தொடங்கலாம், நாங்கள் இருக்கிறோம் என்றேன். அவள் மணமகளின் அம்மாவுடைய சட்டையில் ஸிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"என்ர அளவு ஆரட்டை இருக்கு?" என்றாள். "நான் எனக்கு எப்பவாவது அளவெடுத்தனானோ?"

பிறகு மேசை விளக்கை அணைத்துவிட்டு, இரவு மணமகளுக்குத் தலைமுடி பின்னுகிறார்களாம், போக வேண்டும் என்றாள்.

கல்யாணத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். நானும் நித்யாவும் போனோம். மஞ்சள் சட்டைகள் வாசலில் இறங்கியபோது சொல்லி வைத்த மாதிரி எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்குளில் இரண்டு விரல் கூட விட்டுத் தைத்த சட்டைக்காரி கையைத் தூக்கி ஆடினாள். ஒரு தையலும் விடவில்லை. டொரன்டோவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் இடுப்பு இறுக்கம். நின்றபடியே இருந்தாள். அவள் இனிமேல் அப்லாவிடம் தைப்பாளா? எனக்குத் தெரியாது. அப்லாவுக்கும் தெரியாது. அந்தப் பெண்ணைத்தான் அவள் கண் அடிக்கடி தேடியது.

அப்லா பழைய பச்சைச் சட்டையில் வந்திருந்தாள். குடும்பப் படம் எடுக்கிறபோது மணமகள் இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நீங்கள் எடுங்கள், துணி ஒரே மாதிரி இருந்தால்தான் படம் அழகு என்று சொல்லிவிட்டு, படம் எடுக்கிறவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வாயில் நாலு குண்டூசி. யாருடைய ஓரமாவது தூக்கிக்கொண்டிருந்தால் கையைக் காட்டி இறக்கச் சொன்னாள்.

நித்யா அந்தப் படத்தைத் தன் போனில் எடுத்து எங்கேயோ போட்டிருக்கிறாள். அது சுற்றி, அமைப்புக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. போன வாரம் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து எனக்கு மின்னஞ்சல். இருபத்தைந்து சட்டைகளும் எவ்வளவு அழகு, எங்கள் ஆண்டு அறிக்கையின் முதல் பக்கத்தில் இந்தப் படத்தைப் போட விரும்புகிறோம், நாங்கள் கைகொடுத்த வியாபாரங்களுக்கு இது ஒரு நல்ல உதாரணம், நீங்களும் பெருமைப்பட வேண்டும் என்று எழுதியிருந்தார்.

நான் அந்த மின்னஞ்சலை அப்லாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் மெஷினை நிறுத்தவில்லை. போடட்டும், என்ர பொம்பிளையள் வடிவாய்த்தானே இருக்கினம் என்றாள். அவளுக்குக் கோபம் இல்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

மின்னஞ்சலின் கடைசி வரியில் ஒரு சின்ன வேண்டுகோள் இருந்தது. கூட்டத்தில் எல்லோரும் ஒரே உடுப்பில் இருப்பதால் உரிமையாளர் யார் என்று தெரியவில்லையாம். மேடம் அப்லா எங்கே நிற்கிறார் என்று ஒரு அம்புக்குறி போட்டுத் திருப்பி அனுப்ப முடியுமா?

பதில் எழுதிவிட்டேன்: அம்புக்குறியைப் படத்துக்கு வெளியே போடுங்கள்.